செம்பு ஏறிய கத்தி

பாக்குத் தோப்புக்கோ வெற்றிலைக் கொடிக்காலுக்கோ போர்டோ கலவை என்னும் பூஞ்சைக்கொல்லி தயாரிக்கும் விவசாயி, அதைத் தெளிப்பானில் ஊற்றுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்வார். ஒரு கிலோ மயில்துத்தத்தை (செம்பு சல்பேட்) 50 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு கிலோ சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரில் நீற்றி, இரண்டையும் பிளாஸ்டிக் பீப்பாயில் கலந்தாயிற்று. கலவை வான நீலத்தில், கூழுக்கும் மோருக்கும் நடுவான பதத்தில் நிற்கிறது. கத்தியை எடுத்துப் பளபளவென்று தேய்த்து, கலவைக்குள் சிறிது நேரம் ஆழ்த்தி வைத்திருந்து தூக்கிப் பார்ப்பார். அலகு வெளுப்பாகவே இருந்தால் தெளிக்கலாம். செங்கல் பொடி பூசினாற்போல் சிவந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பாலை ஊற்றிக் கலக்கிவிட்டு மறுபடியும் கத்தி.

அலகில் ஏறிய சிவப்பைத் துரு என்று நினைக்கத் தோன்றும். அது அசல் செம்பு. சுண்ணாம்போடு சேராமல் மிஞ்சிய மயில்துத்தத்திலிருந்து செம்பை வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் இரும்பு போய்க் கரைந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளை இதையே ஓர் ஆணியையும் சோதனைக் குழாயையும் வைத்துச் செய்துவிட்டு, உலோகங்களின் வினைபடு வரிசையை ஒப்பிக்கும்: பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, காரீயம், பிறகு ஹைட்ரஜன், அதற்குக் கீழே செம்பு, பாதரசம், வெள்ளி, தங்கம். மேலே இருப்பது கீழே இருப்பதை அதன் உப்பிலிருந்து விரட்டும். கீழே இருப்பதால் மேலே இருப்பதை அசைக்க முடியாது. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. இப்படி ஒரு பட்டியல் பாடப்புத்தகத்துக்குள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, அதன் ஒரே ஒரு படியை, இரும்புக்கும் செம்புக்கும் நடுவிலுள்ள படியை, நம்பி ஒரு தொழில் நடந்தது. அரசாங்கங்கள் அதில் காசு அடித்தன.

சீனாவின் சோங் அரசில் உயர் பதவிகள் வகித்த ஷென் குவோ, 1088ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய 'கனவுக் குளக் கட்டுரைகள்' நூலில், இன்றைய ஜியாங்ஷி மாகாணத்திலுள்ள யான்ஷான் ஊற்றைப் பற்றிச் சொல்கிறார். அந்தத் தண்ணீர் கசக்கும். காய்ச்சினால் நீல உப்பு மிஞ்சும். அதை மேலும் வறுத்தால் செம்பு கிடைக்கும். அவர் போகிறபோக்கில் குறிப்பிடும் இன்னொரு செய்திதான் சுவையானது: தண்ணீர் காய்ச்சப் பயன்பட்ட இரும்புச் சட்டியே நாளடைவில் செம்பாகிவிடுமாம். இரும்பும் நீலக் கனிமமும் சேர்ந்தால் செம்பு தோன்றும் என்ற செய்தி சீன ரசவாதிகளுக்குப் புதிதல்ல, கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நூலொன்றிலேயே அது உண்டு. ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு மேல் அது வித்தையாகவே இருந்தது. அதைத் தொழிலாக்கியது சோங் காலத்துக் காசுப் பஞ்சம்.

நடுவில் சதுரத் துளையிட்ட செப்புக் காசுதான் அந்த அரசின் உயிர்நாடி. படையின் சம்பளமும் சந்தை வியாபாரமும் அதில்தான் ஓடின. தாதுவை உருக்கிச் செம்பு எடுப்பதென்றால் மலை மலையாகக் கரி வேண்டும். நீலத் தண்ணீரிலோ செம்பு ஏற்கெனவே கரைந்து, தானே நடந்து வருகிறது. கசப்பை வைத்து அந்தத் தண்ணீருக்குப் 'பித்த நீர்' என்று பெயர். அதிலிருந்து வந்த செம்பு 'பித்தச் செம்பு'. ஜாங் சியென் என்பவர் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கென்றே ஒரு கையேடு எழுதினார். யான்ஷானிலும் அண்டையிலுள்ள தெஷிங்கிலும் அரசு மேற்பார்வையில் தொட்டிகள் எழுந்தன.

வேலை நடந்த விதத்தை சோங் வரலாற்று நூல் சொல்லிவைத்திருக்கிறது. வார்ப்பிரும்பை மெல்லிய தகடாக்கி, பித்த நீர் ஓடும் தொட்டிகளில் வரிசையாக அடுக்கிச் சில நாள் ஊறவிடுவார்கள். தகடு தேய்ந்து, அதன்மேல் சிவப்புக் கரி படிவதுபோல் ஏதோ படியும். அதைச் சுரண்டி எடுத்து உலையில் மூன்று தடவை உருக்கினால் செம்பு. ஒரு ஜின் செம்புக்கு 2 ஜின் 4 லியாங் இரும்பு செலவு என்று கணக்கும் இருக்கிறது. 16 லியாங் ஒரு ஜின். ஆக இரண்டேகால் பங்கு இரும்புக்கு ஒரு பங்கு செம்பு.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நோண்டிப் பார்க்க வேண்டும். இன்றைய அணு எடைப்படி 56 பங்கு இரும்பு கரைந்தால் 63.5 பங்கு செம்பு வெளியே வர வேண்டும். ஒரு ஜின் செம்புக்கு ஒரு ஜின் இரும்புகூடத் தேவையில்லை. சீனர்களுக்கு ஆனதோ அதைப்போல இரண்டரை மடங்கு. மிச்ச இரும்பு எங்கே போயிற்று? வினைபடு வரிசையிலேயே விடை இருக்கிறது. சுரங்கத் தண்ணீர் வெறும் செம்புக் கரைசல் இல்லை, அமிலமும்கூட. ஹைட்ரஜனுக்கு மேலே இருக்கும் இரும்பு, செம்பை விரட்டுவதோடு நிற்காமல் ஹைட்ரஜனையும் விரட்டிக்கொண்டே கரையும். போதாததற்கு, அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் பெர்ரிக் இரும்பும் புது இரும்பைத் தின்னும். சுரண்டும்போது செம்போடு பாதி தின்ற தகட்டுத் துணுக்குகளும் உதிரும். தொட்டிக்காரர்களுக்கு இவற்றில் எதுவும் தெரியாது. ஆனால் தகடு எவ்வளவு மெல்லிசாக இருக்க வேண்டும், எத்தனை நாள் ஊற வேண்டும் என்பது அத்துப்படி.

செம்பு எப்படித் தண்ணீருக்குள் வந்தது என்பது தனிக் கதை. மலைக்குள் செம்பும் இரும்பும் கந்தகத்தோடு பிணைந்து கிடக்கின்றன. சுரங்கம் தோண்டியதும் காற்றும் மழையும் உள்ளே புகுகின்றன. கந்தகம் கந்தக அமிலமாகிச் செம்பைக் கரைத்துக்கொண்டு ஊற்றாக வெளியேறுகிறது. இரும்பையும் கந்தகத்தையும் உண்டு வாழும் ஒருவகை பாக்டீரியா இந்தக் கரைதலைப் பன்மடங்கு விரைவுபடுத்துகிறது. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத் தண்ணீரில் அதை அடையாளம் கண்டது 1947இல்தான். அதுவரை அது பெயரில்லாமலேயே எல்லாச் சுரங்கத்திலும் கூலி வாங்காமல் உழைத்தது.

ஐரோப்பாவில் இந்தத் தொழிலுக்குப் பேர்போன இடம், அன்று ஹங்கேரி அரசின்கீழ் இருந்த ஹெரன்கிரண்ட். இன்றைய ஸ்லோவாக்கியாவின் ஸ்பானியா தோலினா கிராமம். 1605 முதல் அங்கே நீலத் தண்ணீரில் பழைய இரும்பைப் போட்டுச் செம்பு எடுத்தார்கள். லாடத்தைப் போட்டால் லாடத்தின் வடிவிலேயே செம்பு வரும். வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். இங்கிலாந்து மருத்துவர் எட்வர்டு பிரவுன் 1669இல் நேரில் போய்ப் பார்த்துவிட்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார்.

ஊர்க்காரர்கள் இதை நன்றாகவே விற்றார்கள். அந்தச் செம்பில் சிறு கோப்பைகள் செய்து, பொன் முலாம் பூசி, சில கோப்பைகளுக்குள் சுத்தியல் ஏந்திய குட்டிச் சுரங்கத் தொழிலாளி பொம்மையும் நிறுத்தினார்கள். தான் முன்பு இரும்பாய்ப் பிறந்ததாகவும் இப்போது செம்பாகிவிட்டதாகவும் கோப்பையே பேசுவதுபோல ஜெர்மன் மொழி வாசகம் பொறிப்பது வழக்கம். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இந்தக் கோப்பைகளை இன்றும் பார்க்கலாம். கண்ணெதிரே இரும்பு செம்பாகிறது என்றால், செம்பு ஏன் தங்கமாகக் கூடாது? ரசவாதிகளுக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைத்ததில்லை.

அந்தச் சாட்சியை உடைத்தவர் இத்தாலியின் விசென்சாவில் பிறந்த மருத்துவர் ஏஞ்சலோ சாலா. 1617இல் அவர் வெளியிட்ட நூல் மயில்துத்தத்தையும் அதன் உறவுக்கார உப்புகளையும் பற்றியது. மயில்துத்தத்தைப் பிரித்தால் செம்பும் அமிலமும் தண்ணீரும் கிடைக்கின்றன. அந்த மூன்றையும் திரும்பச் சேர்த்தால் பழையபடி அதே மயில்துத்தம். அப்படியென்றால் தொட்டியில் தெரிந்த செம்பு இரும்பு மாறி வந்ததல்ல, தண்ணீரில் முன்பே ஒளிந்திருந்தது. வெகு சாதாரண வாதம். ஆனாலும் ஹெரன்கிரண்டில் கோப்பை வியாபாரம் அதன்பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் அமோகமாக நடந்தது.

இரும்பு மாறவில்லை, இடம்தான் மாற்றிக்கொண்டது என்று தெரிந்த பிறகே அடுத்த கேள்வி பிறக்க முடியும்: யார் யாரை விரட்டுவார்கள்? லண்டனில் நாணயச்சாலைத் தலைவராக இருந்த ஐசக் நியூட்டன், ஒளியியல் பற்றிய தன் நூலின் பின்னால் சேர்த்த கேள்விகளில் ஒன்றில் இதைத் தொடுகிறார். வெள்ளி கரைந்த அமிலத்தில் செம்பைப் போட்டால் வெள்ளி வெளியே வரும். செம்பு கரைந்ததில் இரும்பைப் போட்டால் செம்பு வரும். அமிலம் எதை அதிகமாக ஈர்க்கிறதோ அதை எடுத்துக்கொண்டு மற்றதைக் கைவிடுகிறது என்பது அவர் கருத்து. பாரிஸில் எத்தியேன் ஜெஃப்ராய் 1718இல் இந்த அனுபவங்களையெல்லாம் பதினாறு பத்திகள் கொண்ட ஒரே அட்டவணையாக்கினார். நைட்ரிக் அமிலத்தின் பத்தியில் இரும்பு உயரத்திலும் வெள்ளி அடியிலும் இருக்கின்றன; செம்பும் காரீயமும் பாதரசமும் நடுவில். ஒன்றிரண்டு இடம் மாறியிருந்தாலும் இன்றைய வரிசையின் சாயல் அதில் அப்படியே தெரிகிறது. தங்கம் பிரிப்பவர்களும் மருந்துக் கடைக்காரர்களும் கைப்பழக்கமாக வைத்திருந்ததை அவர் காகிதத்தில் வரிசைப்படுத்தினார், அவ்வளவுதான். ஆனால் வரிசைப்படுத்தியதும், யாரும் செய்து பார்க்காத கலவையில்கூட என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழி பிறந்தது.

கதை இப்போது வேல்ஸுக்குப் போகிறது. ஆங்கிள்சி தீவின் பாரிஸ் மலையில் 1768 மார்ச் 2 அன்று ரோலண்ட் பியூ என்ற தொழிலாளி பெரிய செம்புத் தாதுப் படிவத்தைக் கண்டார். பரிசாக அவருக்கு ஒரு பாட்டில் விஸ்கியும் வாடகையில்லாத வீடும் கிடைத்தன என்பார்கள். அடுத்த இருபது ஆண்டில் உலகச் செம்புச் சந்தையையே அந்த மலை ஆட்டிப்படைத்தது. அதை நடத்திய வழக்கறிஞர் தாமஸ் வில்லியம்ஸுக்குச் செம்பு ராஜா என்று பெயர். தாது ஒரு பக்கம் உருகிக்கொண்டிருக்க, மலையிலிருந்து வழியும் நீலத் தண்ணீரைக் குளம் குளமாகத் தேக்கி, காயலாங்கடை இரும்பையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். இரும்பைக் கிளறிவிட்டுச் செம்பைச் சேறாக அடியில் படியவிட்டு, தண்ணீரை வடித்து, சேற்றை உலர்த்தி உலைக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு அடுத்த குளத்தில் தங்கும் காவி மண் வர்ணத்துக்கு விலைபோனது. இரும்பும் வீணாகவில்லை.

அந்த மலைச் செம்பின் பெரும் வாடிக்கையாளர் கப்பல் உலகம். வெப்பக் கடலில் மரக் கப்பலின் அடிப்பகுதியைக் கப்பற்புழு துளைத்துச் சல்லடையாக்கிவிடும். அதைத் தடுக்க பிரிட்டிஷ் கடற்படை 1761இல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதும் செம்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. 1763இல் கப்பலைத் தூக்கிப் பார்த்தால் புழு இல்லை. செம்பும் நன்றாக இருந்தது. ஆனால் இரும்பு ஆணிகள் உளுத்துப் போயிருந்தன, கையால் உதிர்த்துவிடலாம். ஆய்வு செய்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் சில இடங்களில் பிரிக்கப்படாமல் ஆணித் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே சிக்கியிருந்தது. அந்த இடத்து ஆணிகள் மட்டும் பிழைத்திருந்தன. இரும்பும் செம்பும் உப்புத் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொட்டால் இரும்புக்குத்தான் சாவு என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் சாட்சி. மின்கலம் பிறக்க இன்னும் 37 ஆண்டு இருந்தது. கடைசியில் இரும்பாணிக்குப் பதிலாகக் கெட்டிப்படுத்திய செம்பு ஆணிகள் 1780களில் வந்த பிறகே இந்தச் சிக்கல் தீர்ந்தது. அந்த ஆணி வியாபாரத்திலும் செம்பு ராஜாவின் கை இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

'அலார்ம்' ஆய்வுக்கு அறுபது ஆண்டு கழித்து அதே இரண்டு உலோகங்கள், அதே கடல், ஆனால் வழக்கு தலைகீழ். இரும்பு போய்விட்டதால் இப்போது செம்புத் தகடே கடல்நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, செலவு கட்டவில்லை. கடற்படை ஹம்ஃப்ரி டேவியிடம் வந்தது. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மின்சாரத்தால் பிரித்துக் காட்டியவர், அப்போது ராயல் சொசைட்டியின் தலைவர். அவருக்கு உதவியாக இருந்த மைக்கேல் ஃபாரடே 1819இல் வேல்ஸ் சுற்றுப்பயணத்தில் பாரிஸ் மலையைப் பார்த்துவிட்டு வந்தவர். டேவி 1824இல் சொன்ன வைத்தியம், 'அலார்ம்' கப்பலின் நோயேதான்: செம்போடு சேர்த்து ஒரு துண்டு இரும்பையோ துத்தநாகத்தையோ கட்டிவிடுங்கள். அது கரையும், அது கரையும்வரை செம்பு கரையாது. முன்பு விபத்தாக நடந்த சாவை அவர் வேண்டுமென்றே ஏற்பாடு செய்தார்.

முதல் பெரிய சோதனைக்கு வந்த கப்பல் 'சமராங்'. கொச்சியில் தேக்கு மரத்தில் கட்டி 1822இல் நீரில் இறக்கிய 28 பீரங்கிக் கப்பல். செம்புத் தகடும் இந்தியாவிலேயே அடித்தது. 1824 வசந்த காலத்தில் அது போர்ட்ஸ்மத் துறைக்கு வந்தபோது அடிப்பாகமெல்லாம் களிம்பும் பாசியுமாக இருந்தது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு இரும்புக் கட்டிகளைப் பொருத்தினார்கள். மொத்தச் செம்புப் பரப்பில் அவை ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்கு. கனடாவின் நோவா ஸ்கோஷியா வரை போய் 1825 ஜனவரியில் கப்பல் திரும்பியது. டேவிக்கு மகிழ்ச்சி. மற்ற கப்பல்களுக்கும் காப்புக் கட்டிகள் ஏறின.

பிறகுதான் வினை வந்தது. காப்புக் கட்டிய கப்பல்கள் ஊர்ந்தன. துறைக்குக் கொண்டுவந்து பார்த்தால் அடியில் சிப்பியும் பாசியும் மண்டிக் கிடந்தன. செம்பு கரையவில்லை என்பது உண்மை. டேவியின் கணிப்பில் இம்மியும் பிசகில்லை. ஆனால் அதுவரை சிப்பிகளை அண்டவிடாமல் கொன்றுகொண்டிருந்தது அந்தக் கரையும் செம்பின் நஞ்சுதான். நஞ்சை நிறுத்தியதும் சிப்பிகள் குடியேறின. 1825லேயே கடலோடும் கப்பல்களில் காப்பைக் கழற்ற உத்தரவு வந்தது. 1828இல் மிச்சமிருந்தவையும் போயின. பத்திரிகைகள் கேலி செய்தன. அடுத்த ஆண்டு டேவி இறந்தார். பின்னாளில் கப்பல்கள் எஃகுக்கு மாறியபோது அதே தத்துவம் கௌரவத்தோடு திரும்பி வந்தது. எஃகுப் படகின் அடியில் பொருத்தும் துத்தநாகக் கட்டி செய்வது டேவியின் இரும்புக் கட்டி செய்த வேலையையே. சிப்பியைப் பார்த்துக்கொள்ள வேறு பெயிண்ட் இருக்கிறது.

வரிசைக்கு அறிவியல் முத்திரை விழுந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இத்தாலியில் வோல்டா உலோகங்களை ஒன்றோடொன்று தொடவைத்து, எது எதற்கு மின்னூட்டம் தருகிறது என்று வரிசைப்படுத்தினார். அந்த வரிசையும் உலோகங்கள் ஆக்சிஜனை நாடும் வரிசையும் ஒன்றே என்று ஜெர்மனியின் இளைஞர் யோஹான் ரிட்டர் 1798இல் எடுத்துக்காட்டினார். கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நிக்கோலாய் பெக்கெட்டோவ் 1865இல் முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வு முழுக்க, ஒரு தனிமம் இன்னொன்றை விரட்டுவதைப் பற்றியது. உலோகமே இல்லாத ஹைட்ரஜனுக்கு வரிசையில் இடம் எப்படி வந்தது என்பதற்கும் அவரிடம் விடை உண்டு: அழுத்தம் கொடுத்த ஹைட்ரஜன் வாயு, வெள்ளியை அதன் உப்புக் கரைசலிலிருந்து விரட்டுவதை அவர் காட்டினார். ரஷ்யப் பள்ளிகளில் வினைபடு வரிசைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

வரிசை ஏமாற்றும் இடமும் உண்டு. இரும்புக்கு மேலே இருக்கும் அலுமினியத் தாளை மயில்துத்தக் கரைசலில் போட்டால் அது பாய்ந்து செம்பைத் தள்ள வேண்டும். போட்டுப் பாருங்கள், கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கும். அதன்மேல் போர்த்திய கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் கரைசலைத் தொடவிடுவதில்லை. ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டதும் படலம் அங்கங்கே ஓட்டை விழுந்து, தாள் நுரைத்து, சூடேறி, சிவந்த செம்புக் குப்பையாகும். நடக்குமா என்பதை வரிசை சொல்லும். எப்போது நடக்கும் என்பதைச் சொல்வதாக அது வாக்குக் கொடுத்ததே இல்லை.

இரும்புக்கும் செம்புக்கும் நடந்தது, துத்தநாகத்துக்கும் தங்கத்துக்கும் நடந்தால் லாபம் எங்கேயோ போய்விடும். 1887இல் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற சயனைடு முறை அதுதான்: அரைத்த பாறைத் தூளிலிருந்து தங்கத்தைச் சயனைடு தண்ணீரில் கரைத்து, பிறகு துத்தநாகச் சீவலின்மேல் ஓடவிட்டால் தங்கம் கறுப்புச் சேறாகப் படியும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் ஏராளமான தமிழர்கள் வேலைக்குப் போன கோலார் தங்கவயலுக்கும் சயனைடு வந்தது. தங்கம் எடுத்தபின் கொட்டிய கழிவு மண், குன்று குன்றாக இன்றும் அங்கே நிற்கிறது. சயனைடு மேடு என்பதே அதற்குப் பெயர்.

இரும்பு செம்பெடுக்கும் பழைய தொழில் கடைசியாகப் பெரிய அளவில் ஓடியது அமெரிக்காவில். மொன்டானா மாநிலத்தின் பியூட் நகரத்தில், சுரங்கத் தண்ணீர் வழிந்த பாதையில் கிடந்த பழைய டப்பாக்கள் செம்பாகிக் கிடந்ததைப் பார்த்துத்தான் தொழிலே தொடங்கியது என்று ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, பிறகு டப்பாக்களைத் தேடி வாங்கினார்கள். உணவு டப்பா என்பது தகரம் பூசிய எஃகு. தகரத்தை நீக்கி நறுக்கினால் மெல்லிய துண்டு, பரப்பு அதிகம், வினை வேகம். மெல்லிய தகடு வேண்டும் என்று சோங் காலத்துத் தொட்டிக்காரர்கள் கண்டுபிடித்ததை அமெரிக்கா சாப்பாட்டு மேசையிலிருந்தே பெற்றுக்கொண்டது. 1968இல் அரிசோனாவின் ப்ளூபேர்ட் சுரங்கத்தில் கரைசலிலிருந்து செம்பைக் கரிமக் கரைப்பானால் பிரித்து, பிறகு மின்சாரத்தால் தூய செம்பாக எடுக்கும் முறை வணிக அளவில் வந்த பிறகு டப்பாக்களுக்கு வேலை குறைந்தது.

பியூட்டில் அந்தப் பழைய முறை இன்னும் கொஞ்சநாள் நீடித்தது. அங்குள்ள பெர்க்லி பள்ளம் அரை கிலோமீட்டருக்கு மேல் ஆழமான திறந்தவெளிச் சுரங்கம். 1982இல் தண்ணீர் இறைக்கும் பம்புகளை நிறுத்தியதும், சுற்றியுள்ள சுரங்கங்களின் அமிலத் தண்ணீரெல்லாம் ஊறி அது ஏரியாயிற்று. பறவைகள் இறங்கினால் சாகும் ஏரி. அதில் செம்பு கரைந்திருந்தது. பக்கத்தில் சுரங்கம் நடத்திய நிறுவனம் மிதவையில் பம்பு வைத்து அந்தத் தண்ணீரை மேலேற்றி, பழைய இரும்பு நிரப்பிய தொட்டிகளில் ஓடவிட்டு, செம்பைச் சுரண்டிக்கொண்டு, இரும்பு கரைந்த தண்ணீரைத் திரும்பப் பள்ளத்திலேயே விட்டது. 2013 பிப்ரவரியில் பள்ளத்தின் ஒரு பக்கச் சரிவு இடிந்து ஏரிக்குள் விழுந்தது. எழும்பிய அலையில் பம்பு மிதவை சேதமாகி, பள்ளத்துத் தண்ணீரிலிருந்து செம்பு எடுப்பது அப்போது நின்றது.